எந்த கேங்கு?

ஐயா, அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்கம். வயிற்றில் கோத்திருந்த நீரில் கிருமி என்று போன வாரம் அட்மிட் செய்தோம். வெளியில் ஒரு டீகூடக் குடிக்காதவருக்குக் கிருமி எப்படி வந்தது? எதிர்ப்பு சக்திப் பொடி தரலாமா? பழைய சோறு? லாக்டுலோஸ் கொடுத்தால் வயிற்றாலே போகிறது என்று நிறுத்தியிருக்கிறோம்.
ஒரு வாசகர், திருவொற்றியூர்

தம்பி,

கிருமி அவர் குடலிலேயே இருந்ததுதான். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகும். கூடவே நழுவி வரும் கிருமிகளை அங்கே காவலிருக்கும் குஃப்பர் செல்கள் விழுங்கிவிடும். கல்லீரல் தழும்பேறி இறுகினால் ரத்தம் தேங்கிக் குடல் சுவர் வீங்குகிறது, கசிகிறது. ரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலைத் தொடாமலே சந்துவழியில் போய்விடுகிறது. எதிர்ப்பு செல்களோ ஓயாத சண்டையில் உடம்பெல்லாம் அழற்சியைக் கிளப்பிவிட்டு, கிருமியைக் கொல்லத் தெம்பில்லாமல் நிற்கின்றன. இதில் பொடி யாரை உசுப்பப் போகிறது? சில மூலிகைப் பொடிகளே கல்லீரலைக் கெடுக்கும். தூக்கிப் போடுங்கள். பழைய சோற்றை டாக்டரிடம் கேளுங்கள்.

என்னைத் தூங்கவிடாதது உங்கள் கடைசி வரி. யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?

என் பெரியப்பா துறைமுகத்தில் கேங்கு கேங்காகச் சேர்ந்து மூட்டை தூக்கியவர். அவருக்கும் இதே நோய், இதே லாக்டுலோஸ். தண்டையார்பேட்டையில் ஸ்டோர் வீடு, எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். காலையில் மூன்றாம் தடவை வாளியோடு வரிசையில் நின்றவரைப் பார்த்து யாரோ சிரித்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து வேளை தவறாமல் மருந்தைச் சாக்கடையில் ஊற்றினார். பாட்டில் கணக்காகக் குறைந்ததால் பெரியம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. நாலாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டிபன் கேரியர் கேட்டார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதாம். ரிடையராகி ஆறு வருஷம். தடுத்த என்னைப் பார்த்து, "நீ எந்த கேங்கு?" என்றார்.

குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல்தான் யூரியாவாக மாற்றும். அது முடியாதபோது மூளைக்கு ஏறுகிறது. லாக்டுலோஸ் அதை மலத்தோடு இறக்கிவிடும். நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளகிப் போனால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், பேதி என்று அல்ல. தண்ணீராகப் போனால் டாக்டர் அளவைக் குறைப்பார். நீங்களாக நிறுத்துவதற்கு அது இருமல் மருந்தா? இன்றைக்கே டாக்டரைக் கேட்டு மறுபடி ஆரம்பியுங்கள். வயிற்று நீரில் கிருமி, காய்ச்சல் இல்லாமலும் திரும்ப வரலாம். பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. அப்பா படுக்கிற இடத்திலிருந்து கக்கூஸ் எத்தனை தூரம்? அதை எழுதவே இல்லையே.