தையல் போட்ட தசைநாண் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விரலை அசைக்காமல் வைத்திருப்பது நல்லதா?

விரலில் அறுந்த தசைநாணுக்கு, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாருக்கு, தையல் போட்டிருக்கிறது, ஆறும்வரை அசைக்காமல் வைத்திருந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அப்படி வைத்திருந்தால்தான் நாண் தன்னைச் சுற்றியுள்ள உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

உடைந்த கண்ணாடி தம்ளர் என் மோதிர விரலை அடிப்பக்கத்தில் வெட்டியபோது, அதை மடக்கும் இரண்டு நாண்களும் அறுந்துபோயின. அறுந்த முனைகளைச் சேர்க்கிற அதே தழும்புத் திசுதான் நாணைச் சுற்றியுள்ள உறையோடும் ஒட்டவைக்கிறது. எது வேண்டிய ஒட்டு, எது வேண்டாத ஒட்டு என்று அதற்குத் தெரியாது. நாண் தினமும் சற்று நகர்ந்துகொண்டிருந்தால் உறையோடு பிடிக்கும் இழைகள் இறுகுவதில்லை. நகர வேண்டிய தூரமும் அதிகமில்லை: 3 முதல் 5 மில்லிமீட்டர் போதும் என்று 1975இல் டுரான், ஹவுசர் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். இரண்டு நாண்கள் ஒரே குறுகிய குழாய்க்குள் ஓடும் இந்தப் பகுதியில் அறுந்ததை உடனே தைக்கவே, ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, மருத்துவர்கள் ஒரு காலத்தில் தயங்கினார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

எனக்கு நான்காம் நாளே பயிற்சி தொடங்கியது. மணிக்கட்டும் விரல் கணுக்களும் மடங்கியிருக்கும்படி புறங்கைப் பக்கம் ஸ்பிளின்ட் என்ற தாங்குகட்டை. அதைக் கழற்றாமல், மற்றக் கையால் விரலை மெதுவாக மடக்கி, பிறகு ஸ்பிளின்ட்டைத் தொடும்வரை நீட்ட வேண்டும். மடக்குவதைச் சிரத்தையாகச் செய்தேன். நீட்டும்போது தையல் பிய்ந்துவிடுமோ என்று பயந்து பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். அந்தக் கோழைத்தனத்துக்கு நடு மூட்டு இன்றும் சற்று வளைந்தே நிற்கிறது.

உங்களுக்கு வேறு முறை சொல்லப்பட்டிருக்கலாம். அறுந்த இடத்தின் குறுக்கே நான்கு நூலிழையோ அதற்கு மேலோ போட்டு வலுவாகத் தைத்திருந்தால், மற்றக் கையின் உதவியில்லாமல் விரலை லேசாக மடக்கச் சொல்வதும் உண்டு. ஆனால் அதை உங்களைத் தைத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். என் முறையை அப்படியே செய்யாதீர்கள். வீக்கத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். வீங்கிய விரலில் நாண் நகரவே சிரமப்படும், கையை இதய மட்டத்துக்கு மேலே வைத்திருங்கள்.

மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் ஆபத்து. வலி போய்விடும், கை பழையபடி ஆகிவிட்டது என்று தோன்றும், பையைத் தூக்கச் சொல்லும். நாண் முழு வலுவைப் பெற ஏறக்குறைய 12 வாரங்கள் ஆகும். அதற்குள் இறுக்கிப் பிடித்தால் தையல் அறுந்துவிடலாம்.

எல்லாம் செய்தும் ஒட்டிக்கொண்டால், சில மாதங்கள் கழித்து ஒட்டை விடுவிக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதற்குப் பிறகும் விரலை உடனடியாக அசைக்கத்தான் சொல்வார்கள்.