கேமரா கேள்வி-பதில்: பழைய லென்ஸ், புது பாடி

கேள்வி (மேலூர் வாசகர்): வீட்டில் கிடந்த ஜெனித் பிலிம் கேமராவின் ஹீலியோஸ் 44-2 லென்ஸை, அடாப்டர் வாங்கி நிக்கான் டி5600-இல் மாட்டினேன். பக்கத்தில் நிற்பவர் முகம் அருமையாக விழுகிறது. ஆனால் வண்டியூர் தெப்பக்குளத்து மைய மண்டபம் எப்படித் திருகினாலும் மங்கல்தான். லென்ஸ் பழுதா?

பதில்: லென்ஸில் கோளாறில்லை, தூரக் கணக்குதான் உதைக்கிறது. ஹீலியோஸ் போன்ற எம்42 (42 மி.மீ. திருகு மரை) லென்ஸ்கள், மவுண்டுக்கும் (லென்ஸ் பாடியில் பொருந்தும் வளையம்) பிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. இருக்கும் என்று வைத்துச் செய்யப்பட்டவை. டி5600 போன்ற நிக்கான் எஸ்எல்ஆரில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. ஆகவே 1 மி.மீ. ஏற்கெனவே அதிகம், அடாப்டரின் விளிம்பு இன்னொரு 1 மி.மீ. சேர்க்கும். 58 மி.மீ. ஹீலியோஸ் 2 மி.மீ. முன்னால் தள்ளி நின்றால், ரிங்கை முடிவிலிக்கு (மிகத் தொலைவுக்கான குறி) திருப்பினாலும் ஃபோகஸ் ஏறக்குறைய 1.7 மீட்டரோடு நின்றுவிடும். குளக்கரையிலிருந்து மண்டபம் எங்கே, 1.7 மீட்டர் எங்கே!

இதற்காகவே நடுவில் கண்ணாடி வில்லை வைத்த அடாப்டர் விற்கிறார்கள். மண்டபம் ஃபோகஸுக்கு வரும். ஆனால் மலிவுக் கண்ணாடி எஃப்/2-இல் (லென்ஸ் முழுதாகத் திறந்த நிலை) படத்தைப் பால் ஊற்றியதுபோல் வெளிற வைக்கும். எஃப்/5.6-க்கு மூடினால் ஓரளவு தேறும். எங்களைக் கேட்டால், அந்தக் கண்ணாடிக்குக் காசு கொடுக்காதீர்கள். இந்த பாடியில் ஹீலியோஸை முகப்படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், 1.5 மடங்கு கிராப்பில் (சென்சார் பிலிமைவிடச் சிறியது) 87 மி.மீ. லென்ஸின் பார்வை கிடைக்கும், முகத்துக்கு அளவானது. மோடு டயலை எம்-இல் (மேனுவல்) வையுங்கள். மற்ற மோடுகளில் ஷட்டர் அடிக்காது. எம்-இலும் ஒளி அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16, 1/125 என்று தொடங்கி, ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துத் திருத்துங்கள்.

கேனான் இஓஎஸ் எஸ்எல்ஆரில் இடைவெளி 44 மி.மீ. என்பதால் 1.46 மி.மீ. தடிமனுள்ள வெறும் வளையமே போதும். மிரர்லெஸ்ஸில் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத கேமரா) தொல்லையே இல்லை: சோனி ஈ மவுண்டுக்கு 18 மி.மீ.தான், மீதி 27.46 மி.மீ.க்கு அடாப்டர் குழல். அந்தக் குழல் 0.1 மி.மீ. நீண்டுவிட்டாலும், 58 மி.மீ. லென்ஸில் சுமார் 34 மீட்டருக்கு மேல் ஃபோகஸ் போகாது, 28 மி.மீ. லென்ஸிலோ 8 மீட்டரோடு சரி. தயாரிப்பாளர்கள் குழலைக் கொஞ்சம் குட்டையாகவே கடைவது இதனால்தான். அப்படிப்பட்ட அடாப்டரில் முடிவிலிக் குறிக்குச் சற்று முன்பே தூரக் காட்சி தெளிந்துவிடும். அது குறையல்ல, ரிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை திருகாமல் இருந்தால் போதும்.

கேள்வி (திருமங்கலம் வாசகர்): சோனி ஏ6400-இல் பழைய எம்42 50 மி.மீ. லென்ஸை மாட்டினால், லென்ஸ் இல்லை என்று சொல்லிப் படமே எடுக்க மறுக்கிறது. ஒருவழியாக எடுத்தாலும், அப்பர்ச்சர் (ஒளித்துளை) ரிங்கைத் திருப்பினால் வெளிச்சம் மாறவில்லை.

பதில்: இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். மெனுவில் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’ என்பதை ‘எனேபிள்’ ஆக்குங்கள், ஷட்டர் அடிக்கும். இரண்டாவதற்கு லென்ஸின் பின்புறத்தைப் பாருங்கள்: ஓரத்தில் சிறிய ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் அமுக்கினால் அப்பர்ச்சர் இதழ்கள் மூடும், விட்டால் திறக்கும். பிலிம் கேமராவில் அந்த வேலையை பாடி செய்தது. லென்ஸில் ஏ/எம் சுவிட்ச் இருந்தால் எம்-க்குத் தள்ளுங்கள். இல்லையென்றால், உள்ளே உதடுபோல் விளிம்பு வைத்து ஊசியை அமுக்கும் அடாப்டர் வேண்டும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். ஃபோகஸ் பீக்கிங்கின் (தெளிவான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதி) சிவப்புக் கோட்டை மட்டும் நம்பாதீர்கள். எஃப்/1.8-இல் மூக்கு நுனியும் சிவக்கும், கண்ணும் சிவக்கும். திரையைப் பெரிதாக்கி, இமை முடியைப் பார்த்து நிறுத்துங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): லென்ஸை அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் பூஞ்சை வராதாமே?

பதில்: அரிசி சோற்றுக்கு! தூசும் மாவும்தான் லென்ஸுக்குள் சேரும். மூடி இறுகும் 5 லிட்டர் டப்பா, 100 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி — இவ்வளவே. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் ஒருமுறை பாருங்கள். பழைய தோல் உறையை மட்டும் டப்பாவுக்குள் வைக்காதீர்கள். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே தாய்வீடு. பழைய லென்ஸ் வாங்கப் போனால் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை விரிந்திருந்தால் விலகிவிடுங்கள். கண்ணாடியை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது.

கேள்வி (செல்லூர் வாசகர்): அழகர் ஆற்றில் இறங்குவதை 28 மி.மீ. பழைய லென்ஸில் எடுக்க முடியுமா? கூட்டத்தில் ஃபோகஸ் செய்ய நேரமிருக்காதே.

பதில்: ஃபோகஸே செய்யாதீர்கள். 1.5 கிராப் பாடியில் எஃப்/8 வைத்து ரிங்கை 5 மீட்டரில் நிறுத்தினால், 2.5 மீட்டரிலிருந்து முடிவிலிவரை தெளிவு. விடியலில் எஃப்/8-க்கு வெளிச்சம் போதாது. எஃப்/4-க்குத் திறந்தால் தெளிவு 3.3 மீட்டரிலிருந்து 10 மீட்டர்வரைதான், அதற்குள் நின்று எடுங்கள். லென்ஸ் மேலிருக்கும், தெளிவு எதுவரை என்று காட்டும் ஆழக் குறிகள் பிலிமுக்கானவை என்பதால் ஒரு ஸ்டாப் கழித்துப் படியுங்கள்: எஃப்/8 வைத்தால் 5.6-க்கான கோடுகளைப் பாருங்கள். கூட்டத்தில் இடிபடும்போது ரிங் நகரும், எனவே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் கேமராவுக்கென்று ஒதுங்க மாட்டார்கள். பழைய லென்ஸில் ரப்பர் தடுப்பு கிடையாது. பிளாஸ்டிக் பையில் ஓட்டைபோட்டு, லென்ஸ் முனையில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.