கப்பல் காத்திருக்காது, தங்கச்சி

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் ஏறி மார்ச்சில் திருகோணமலைக்கு வருகிறார்கள். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும். அவர்களை வான் பிடித்துப் பாசிக்குடாவுக்குக் கூட்டி வந்து, பிள்ளைகளைக் கடலில் குளிக்க விட்டு, அப்படியே கல்லடியில் அம்மாவையும் பார்க்க வைக்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. கப்பல்காரர் நடத்தும் சுற்றுலாவில் போவோம் என்கிறா மச்சாள். என்ன செய்யலாம்? - வாசகி, கல்லடி

பதில்: ஆசை நியாயமானதுதான். கணக்கு இடம் கொடுக்கவில்லை.

எட்டு மணிக்குக் கப்பல் வந்தால் எட்டு மணிக்கே ஆட்கள் இறங்கிவிட முடியாது. துறையில் கட்டாமல் நடுவில் நங்கூரமிட்டால் சிறு படகில்தான் கரைக்கு வரவேண்டும்; அதற்கும் வரிசை. ஒன்பதரைக்கு வானில் ஏறினார்கள் என்று வையுங்கள். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை தாண்டிப் பாசிக்குடா வர ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். பாதை நல்லதாக இருந்தாலும் மாடு குறுக்கே நிற்கும், பிள்ளைக்கு வாந்தி வரும். பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிவிடும். 5 மணிக் கப்பலுக்கு நாலு, நாலரைக்குள் ஏறியிருக்க வேண்டும். ஒரு மணிக்கு எல்லோரையும் தண்ணீரிலிருந்து இழுத்தெடுக்க வேண்டும். கல்லடிக்கு அங்கிருந்து இன்னும் முப்பத்தைந்து கிலோமீற்றர், அதை மறந்துவிடுங்கள். வந்த இடத்தில் மாமாங்கக் கோயிலுக்கும் ஓர் எட்டு என்று யாராவது சொல்வார்கள், அது வேறு.

மச்சாள் சொல்வதில் ஒரு புத்தி இருக்கிறது. கப்பல்காரரின் சுற்றுலா பிந்தினால் கப்பல் நிற்கும். நாமாகப் போய்ப் பிந்தினால் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் ஓட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சுற்றுலாவில் அம்மாவுக்கு இடமில்லையே!

ஆகவே நீங்கள் போங்கள். நீங்கள் பிந்தினால் அண்ணன் காத்திருப்பார். விடிய ஐந்து மணிக்கு வானில் அம்மாவை முன் இருக்கையில் வைத்து, வாகரையில் இறக்கிக் கொஞ்சம் நடக்கவிட்டுப் போனால் ஒன்பதுக்கு முன் திருகோணமலை. அவர்களைத் துறைமுக வாசலுக்கு வெளியே ஏற்றிக்கொண்டு உப்புவெளிக்குப் போங்கள். நகரத்திலிருந்து சில கிலோமீற்றர்தான். கடற்கரை விடுதி ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்தால் அம்மாவுக்கு நிழலும் கதிரையும் கிடைக்கும், கழிவறையும் பக்கத்தில். பாசிக்குடாவைப் போல வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்க முடியாது, உண்மை. ஆனால் மாரி முடிந்து மார்ச்சில் கடல் அடங்கத் தொடங்கிவிடும். பெரியவர் ஒருவர் கூட நின்றால் பிள்ளைகள் கரையோரம் ஆடலாம். புறாத்தீவுக்குப் படகேறும் யோசனை வந்தால் வெட்டிவிடுங்கள். அன்றைக்கு நேரம்தான் காசு.

அண்ணனிடம் இப்போதே கேட்க வேண்டியவை: தனியாக இறங்கிச் செல்ல விடுவார்களா, இலங்கை விசா தேவையா, கரையில் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டுமா. இன்னொன்று, கப்பல் மணி. சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முன். கப்பலில் எந்த நேரம் ஓடுகிறது என்று இறங்கும்போதே கேட்டு, கைக்கடிகாரத்தை அதன்படி வைக்கச் சொல்லுங்கள்.

எருமைத் தயிர் முட்டியும் கூனிச் சம்பலும் கட்டாயம் கொண்டு போவீர்கள், தெரியும். அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். வீட்டுச் சாப்பாட்டைப் பெரும்பாலும் கப்பலில் ஏற்றவிட மாட்டார்கள்.