பொன்னியின் செல்வன் முடிவு ஏமாற்றியதா?

கடலூர் நண்பருக்கு, கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஐந்து பாகம் படித்தும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யாரென்று தெளிவாகவில்லை, முடிவும் அவசரமாக இருக்கிறது என்கிறீர்கள். நியாயமான வருத்தம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. அத்தியாயந்தோறும் ஒரு முடிச்சு விழும். மொத்தமாகப் படித்தால் எல்லாம் அவிழும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். கடைசியில் உள்ள முடிவுரையைப் படித்தீர்களா? இதே குறையைச் சொன்ன வாசகர்களுக்குக் கல்கியே அதில் பதில் சொல்லி, பாத்திரங்களின் பிற்காலத்தையும் தருகிறார்.

அப்புறம் காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ் ஏறுங்கள். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. ஏன் கொன்றார்கள் என்பது அதில் இல்லை. கொன்றது யார் கை என்பதைத்தான் கல்கி திறந்தே விட்டார். பழைய எழுத்து பழகாத கண்ணுக்குச் சுவரில் எதுவும் பிடிபடாது, வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ நூலில் இந்தக் கொலை பற்றிய பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.