வேனுக்குள்ளே ஒரு வீடு: வாசகர் கேள்வி–பதில்

பழைய வேனைத் தங்கிப் பயணிக்கும் வண்டியாக மாற்றுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, கட்டில் எப்படி, கர்ட்டன் என்ன நிறம் என்றே இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, செலவையும் உயிரையும் தொடுகிற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்ககிட்ட 7 சீட் ஈக்கோ இருக்குதுங்க. பின்னாடி சீட்டைக் கழட்டிப் போட்டுட்டுக் கட்டில் அடிச்சுடலாமுங்களா? ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பிரச்சினை வருமுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐ முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.சி. புக்கில் இருக்கும் விவரத்துக்கும் வண்டிக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி எதை மாற்றினாலும் முன்அனுமதி வேண்டும். சீட் எண்ணிக்கை அதில் அடக்கம். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. முழுக் கேரவனாகவே பதிவு செய்ய ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரம் உண்டு. ஆனால் அது பாடி கட்டும் கம்பெனிகள் சோதனைக்குக் கொடுத்து வாங்கும் சான்று, வீட்டு வாசலில் நடக்கிற வேலையல்ல.

அதனால் உங்கள் கட்டில் வண்டியின் பாகமாக இருக்கக் கூடாது, வண்டியில் ஏற்றிய சாமானாக இருக்க வேண்டும். நடு சீட்டும் பெல்ட்டும் அப்படியே இருக்கட்டும். கட்டிலை இரண்டு துண்டாகச் செய்து, ஓடும்போது பின்னால் மடக்கி வைத்து, நின்ற பிறகு சாய்த்த நடு சீட்டின் மேல் விரியுங்கள். முன்அனுமதி வாங்கிப் பின் சீட்டைக் கழட்டியிருந்தால், மடக்கிய கட்டிலைத் தரையில் ஏற்கெனவே இருக்கும் அதன் போல்ட் ஓட்டைகளில் பிடித்துவையுங்கள். வெல்டிங் வேண்டாம். தரையில் புது ஓட்டை போடுவதாக இருந்தால் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு தடவை பாருங்கள், பெட்ரோல் டேங்கும் பிரேக் பைப்பும் அங்கேதான் போகின்றன. ஈக்கோவில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் அந்த மூடியைத் திறக்க முடியாதபடி எதையும் அடிக்காதீர்கள். சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டரைப் பெட்டிக்குள் அடைக்கவே கூடாது.

செகண்ட் ஹேண்டில் டிராவலர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மஞ்சள் போர்டு வண்டியாக இருந்தால் பர்மிட்டைச் சரண்டர் செய்து சொந்த உபயோகத்துக்கு மாற்றிய பிறகே ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

அலமாரி, கட்டில் எல்லாத்துக்கும் முக்கால் இஞ்ச் பிளைவுட் போட்டாத்தான் நிக்கும்கிறார் எங்க ஆசாரி. சரிங்களா?
– வாசகர், திருச்செங்கோடு

வீட்டுக்குச் சரி, வண்டிக்குத் தப்பு. 8-க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் ஏறக்குறைய 35 கிலோ. ஆறு ஷீட் போட்டால் 210 கிலோ. வண்டி கிளம்பும் முன்பே மூன்று பெரிய ஆள்கள் ஏறி உட்கார்ந்த கணக்கு! அதே ஷீட் 12 மி.மீ.யில் 23 கிலோ, 6 மி.மீ.யில் 12 கிலோவுக்குள். ஒரு இஞ்ச் அலுமினியச் சதுரப் பைப்பில் சட்டம் அடித்து, பக்கங்களுக்கு 6 மி.மீ., படுக்கும் இடத்துக்கு மட்டும் 12 மி.மீ. போட்டால் பாதி எடை மிச்சம். பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதீர்கள். கனமும் அதிகம், ஒரு சொம்பு தண்ணீர் சிந்தினால் ஊதிப்போகும்.

தகட்டில் நேரடியாக ஸ்க்ரூ முறுக்கினால் ஆயிரம் கிலோமீட்டருக்குள் அதிர்வில் ஓட்டை பெரிதாகி ஆட ஆரம்பிக்கும். ரிவெட் நட் (தகட்டு ஓட்டையில் இறுகி உட்காரும், உள்ளே மரையுள்ள குழல்) அடித்து போல்ட் போடுங்கள், போல்ட் ஊடுருவி மறுபக்கம் வருகிற இடங்களில் நைலான் வைத்த லாக் நட் மாட்டுங்கள். மரமும் மரமும் உரசும் இடத்தில் ஃபெல்ட் துணி ஒட்டாவிட்டால் ஊர் போய்ச் சேருவதற்குள் கீச்சுச் சத்தமே தலைவலி ஆகிவிடும்.

லாரி ஊரில் இருக்கிறீர்கள், எடைமேடைக்குப் பஞ்சமில்லை. வேலை தொடங்கும் முன் ஒரு தடவை, முடிந்த பின் தண்ணீரும் ஆளும் ஏற்றி ஒரு தடவை எடை போடுங்கள். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எடை எடுங்கள். மொத்தம் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டக் கூடாது. இடப்பக்கம் சமையல் மேடை, தண்ணீர், பேட்டரி எல்லாம் குவிந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. அங்கே இறங்கும்போது ஒவ்வொரு கிலோவையும் பிரேக்தான் தாங்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

வெயில்ல நிறுத்துனா உள்ளே அடுப்பாட்டம் இருக்குதுங்க. தெர்மகோல் ஒட்டுனா போதுமுங்களா? ஏ.சி. வெக்கணுமுங்களா?
– வாசகி, கரூர்

பரமத்தியில் 40 டிகிரி தாண்டுகிற மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். இணையத்தில் பார்க்கிற கேம்பர் படங்களில் பெரும்பாலானவை குளிர் நாட்டு வண்டிகள். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காப்பது அவர்கள் பாடு. நமக்கு நேர்மாறு.

தெர்மகோல் வேண்டாம். ரப்பர் பசை பட்டாலே கரைந்துபோகும், அதிர்வில் உதிரும், தீயும் பிடிக்கும். கண்ணாடிக் கம்பளி ஈரம் குடித்து, குலுங்கிக் குலுங்கிக் கீழே இறங்கிவிடும். ஏ.சி. டக்ட்டுக்குச் சுற்றுகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட்தான் ஏற்றது: கூரைக்கு 19 மி.மீ., பக்கங்களுக்கு 13 மி.மீ. கூரைத் தகடு மத்தியானத்தில் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போவதால் சாதாரணப் பசை இளகி, ஷீட் தலைமேல் தொங்கும். சூடு தாங்கும் பசையாகக் கேட்டு வாங்கி, தகட்டிலும் ஷீட்டிலும் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். கதவுக்குள் எதையும் திணிக்காதீர்கள். கண்ணாடி இறங்கும் இடம் அது. அடியில் மழைத் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்தால் இரண்டு மழைக்காலத்தில் கதவு துருப்பிடித்துவிடும்.

அலுமினிய ஃபாயில் ஒட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஃபாயிலுக்கு முன்னால் இரண்டு செ.மீ. காற்று இடைவெளி இருந்தால்தான் அது அனலைத் திருப்பும். இரண்டு பலகைக்கு நடுவே நசுங்கிக் கிடந்தால் வெறும் தகடுதான், சூட்டை நன்றாகவே கடத்தும். இதையெல்லாம்விட மலிவான வேலை கூரைக்கு வெள்ளைப் பெயின்ட், கண்ணாடிகளுக்கு வெளிப்பக்கமாக மாட்டும் ஃபாயில் தட்டி. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகு திரை போட்டு என்ன பயன்?

இன்சுலேஷன் குளிர்ச்சி தராது, சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் உள்ளே தேங்கிய அனலை வெளியேற்றியாக வேண்டும். கூரையை வெட்ட மனமில்லை என்றால் ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் செய்து, அதில் 120 மி.மீ. 12 வோல்ட் ஃபேன் இரண்டு பொருத்துங்கள். நிழல் பக்கம் தாழ்வாக ஒன்று உள்ளே இழுக்க, எதிர்ப்பக்கம் உயரத்தில் ஒன்று வெளியே தள்ள. கூரையை வெட்டுவதானால் வெட்டிய விளிம்பில் பிரைமர் அடித்து, பி.யு. (பாலியூரிதேன்) சீலன்ட் போடுங்கள். புளிப்பு வாடை வரும் சிலிகான் தகட்டையே அரிக்கும்.

ஏ.சி. விஷயம்: சராசரி 600 வாட் இழுத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். 100 ஏ.எச். (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.28 யூனிட். நான்கு பேட்டரி வாங்கும் காசில் சித்திரை வைகாசி முழுக்க மலையில் போய்த் தூங்கலாம்.

ஒரு ஃபேன், மூணு லைட், சின்ன ஃப்ரிட்ஜ், மிக்ஸி. இதுக்கு எத்தனை பேட்டரி, எவ்வளவு சோலார்? வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா கெடக்குது, அதையே வெச்சுக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். வளைவில் ஆசிட் தளும்பும். நீங்கள் தூங்கும் பெட்டிக்குள் அது இருக்கக் கூடாது.

இப்போது ஒரு நாள் கணக்கு. குறைந்த கரன்ட் இழுக்கும் 25 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் பத்து மணி நேரம், 250 வாட் அவர் (ஆயிரம் வாட் அவர் ஒரு யூனிட்). ஐந்து வாட் லைட் மூன்று, நான்கு மணி நேரம், 60. போன்கள் 40. சட்னிக்கு 500 வாட் மிக்ஸி ஆறு நிமிடம், 50. ஃப்ரிட்ஜ்தான் பெரிய வாய்: 45 வாட் கம்ப்ரஸர் நம் வெயிலில் பாதி நேரம் ஓடினால் 500-க்குக் குறையாது. ஆக 900. லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட் 12.8 வோல்ட், 100 ஏ.எச். ஒன்று போதும். அதன் 1,280-ல் எண்பது சதவீதம் எடுத்தால் ஆயிரம் வருகிறது, எடையும் 12 கிலோ பக்கம்தான். ஃப்ரிட்ஜைக் கைவிட்டால் பாதி பேட்டரியில் முடியும். பாலும் தயிரும் எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கிற நாட்டில் ஃப்ரிட்ஜ் அவசியமா என்று யோசியுங்கள்.

200 வாட் பேனல் படுக்கை வாக்கில் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 700 வாட் அவர் தரும். ஐப்பசி மழையில் பாதிகூட வராது. பேனல் சூடானால் உற்பத்தி குறையும், ஆகவே கூரையோடு ஒட்டாமல் இரண்டு இஞ்ச் தூக்கி வையுங்கள். மீதியை இன்ஜினிலிருந்து எடுக்க, கரன்ட்டை அளவாக்கிப் பேட்டரிக்குக் கொடுக்கும் டி.சி. டு டி.சி. சார்ஜர் வேண்டும். நேராக ஒயர் இழுத்துக் கொடுத்தால் லித்தியம் அளவில்லாமல் கரன்ட் இழுத்து, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். பி.எஸ்.6 வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்வதால் பேட்டரி நிறையவும் செய்யாது. சின்ன வண்டிக்கு 20 ஆம்பியர் சார்ஜர் போதும். கோவையிலிருந்து ஊட்டி போய்ச் சேரும் மூன்று மணி நேரத்தில் 60 ஏ.எச். ஏறிவிடும்.

அதிகம் கெடுவது ஒயரில்தான். 12 வோல்ட்டில் வீட்டு ஒயர்க் கணக்கு செல்லாது. பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் 10 ஆம்பியர் சாமானுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் போட்டால் போக வர 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரி நன்றாக இருக்கும்போதே ஃப்ரிட்ஜ் ‘லோ வோல்டேஜ்’ என்று நிற்பதற்குக் காரணம் இதுதான். 6 ஸ்கொயர் எம்.எம். போட்டால் இழப்பு 0.3. ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் ஒடியும், மல்டி ஸ்ட்ராண்ட் (பல இழை) ஒயர் வாங்கி, முனையில் லக் என்ற உலோகக் காது வைத்து அழுத்தி கிரிம்ப் செய்யுங்கள். ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு ஜாணுக்குள் இருக்கட்டும். தூரத்தில் போட்டால் நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது அதற்குத் தெரியவே தெரியாது.

மிக்ஸிக்கு 1,000 வாட் சைன் வேவ் இன்வெர்ட்டர், ஒரு மீட்டருக்குள் 25 ஸ்கொயர் எம்.எம். கேபிள், 125 ஆம்பியர் ஃபியூஸ். அரைத்ததும் அணைத்துவிடுங்கள், சும்மா இருக்கும்போதே 10–15 வாட் தின்னும். இண்டக்‌ஷன் அடுப்பு 170 ஆம்பியருக்கு மேல் கேட்கும், அதை மறந்துவிடலாம். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, ஆனாலும் கல்லைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டாம். மாவை ஆட்டி எடுத்துப் போங்கள்.

உள்ளேயே கேஸ் அடுப்பு வெக்கலாமா?
– வாசகி, பல்லடம்

பின் கதவைத் திறந்து, வெளியே நின்று சமைக்கிற மாதிரி இழுப்பறை மேடை செய்யுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாமல் நீங்கள் படுக்கும் தரையில்தான் தேங்கும். 5 கிலோ சிலிண்டருக்கு உள்பக்கம் சந்தில்லாத தனிப் பெட்டி, அதன் அடியில் வெளியே திறக்கும் இரண்டு இஞ்ச் ஓட்டை. அந்த ஓட்டை சைலன்ஸருக்குப் பக்கத்தில் வரக் கூடாது. ட்யூபை ஐந்து வருடத்துக்குள் மாற்றுங்கள். ஜாயின்ட்டில் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். ஓடும்போது ரெகுலேட்டர் அணைந்திருக்க வேண்டும். குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவடைத்துப் படுப்பது சாவைக் கூப்பிடுவது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேஸ் மிச்சமாக வேண்டுமென்றால் அரிசிம்பருப்புச் சாதத்தை மிஞ்ச எதுவுமில்லை. ஒரே குக்கர், நாலு விசில்.

தண்ணி, குளியல், கக்கூஸ்?
– வாசகர், பொள்ளாச்சி

குளிக்காமல் இரண்டு பேருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கட்டும். ஒரே பெரிய டேங்க் பாதி காலியானால் வளைவில் அலை அடித்து வண்டியை உலுக்கும். பம்புக்கு அலைய வேண்டாம். மருந்தடிக்கும் பேட்டரி ஸ்ப்ரேயரின் 12 வோல்ட் டயாஃப்ரம் மோட்டார் எல்லா உரக்கடையிலும் ஸ்பேராகக் கிடைக்கும். புதிதாக வாங்குங்கள், மருந்து ஓடிய பழையது எத்தனை கழுவினாலும் ஆகாது. முன்னால் ஒரு சல்லடை ஃபில்டர். பம்ப் டக்டக்கென்று விட்டுவிட்டு ஓடினால் லைனில் காற்று, இல்லையென்றால் ஒயர் மெல்லிசு.

தண்ணீர் வார்த்துக்கொள்ள, 110 மி.மீ. பி.வி.சி. பைப் இரண்டு மீட்டரைக் கறுப்படித்துக் கூரையில் கட்டினால் 16 லிட்டர் வெந்நீர், ஒரு ஆளுக்குத் தாராளம். காற்று வாங்க மேலே சின்ன வால்வு வைக்காவிட்டால் தண்ணீர் இறங்காது. மலை ஏறும் முன் அதைக் காலி செய்துவிடுங்கள்.

கக்கூஸுக்கு மருந்து உங்கள் ஊரிலேயே மலையாகக் குவிந்திருக்கிறது: தென்னை நார்க்கழிவு. மூடி உள்ள வாளிக்குள் பை, ஒவ்வொரு தடவையும் உலர்ந்த நார்க்கழிவு இரண்டு கை. சிறுநீரைத் தனிக் கேனில் பிரித்துவிட்டால் நாற்றம் பெரும்பாலும் இல்லை. இரண்டும் கலந்தால்தான் தாங்க முடியாது. ஓடையிலோ காட்டிலோ கொட்டாமல் ஊருக்குக் கொண்டுவந்து குழியில் போடுங்கள்.

ஊட்டியில் ராத்திரி தங்கினா காலையில மெத்தைக்கு அடியில ஈரமா இருக்குது. கூரை ஒழுகலை. என்ன காரணமுங்க?
– வாசகர், மேட்டுப்பாளையம்

உங்கள் மூச்சுதான். இரண்டு பேர் இரவெல்லாம் விடும் ஈரம் அரை லிட்டர் வரை வரும், அது குளிர்ந்த தகட்டிலும் பலகையிலும் தண்ணீராகிறது. எதிரெதிர் ஜன்னல்கள் ஒரு விரல் திறந்திருக்க வேண்டும், குளிர்ந்தாலும் சரி. கட்டிலுக்கு முழுப் பலகை போடாமல் மூன்று இஞ்ச் பட்டை, இரண்டு இஞ்ச் இடைவெளி என்று அடியுங்கள். ஃபோமை எடுத்துவிட்டு ரப்பர் பூசிய தென்னை நார் மெத்தை போட்டால் காற்று ஊடாடும். மேலே பவானி ஜமக்காளம் விரித்துக்கொள்ளுங்கள், காலையில் உதறி வெயிலில் போடலாம்.

நீலகிரிக்குள் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் உண்டு. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே தடை. காட்டுக்குள் சாலையோரம் வண்டியைப் போட்டுத் தூங்க விடமாட்டார்கள், ஆனைக்கும் அது பிடிக்காது. காசு கொடுத்தாவது சுவருள்ள வளாகத்துக்குள் நிறுத்துங்கள். சமமான தரையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் தலை மேட்டுப் பக்கம் வருகிற மாதிரி வண்டியைத் திருப்பி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரில் விட்டுப் படுங்கள்.