சிபில் ரிப்போர்ட்ல (நம்ம கடன் வரலாறு இருக்குற ரிப்போர்ட்) என் பழைய கார்டு கணக்கு 'செட்டில்டு'ன்னு இருக்கு, ஸ்கோர் 690. காசு கொடுத்தா அதை அழிக்க முடியுமா?

நானும் இதே மாதிரி மாட்டிக்கிட்டு முழிச்சவன் தான். செட்டில்டுன்னா கணக்கு முடிஞ்சிடுச்சுன்னு நாம நினைக்கிறோம், ஆனா அடுத்து லோன் குடுக்கப் போற பேங்க்காரருக்கு அது 'இவர் முழுசா கட்டல, வந்த வரைக்கும் லாபம்னு வாங்கிட்டு விட்டுட்டாங்க'ன்னு தான் படும்.

வேலை போன சமயத்துல என் கார்டு பாக்கி வட்டி, லேட் ஃபீஸ்னு ஏறி 62,000 ஆயிடுச்சு. கலெக்‌ஷன் ஆளு போன் மேல போன் போட்டு "சார் 35,000 கட்டுங்க, மேட்டர் க்ளோஸ்"னாரு, நானும் வீட்டம்மா வளையலை அடகு வச்சு கட்டிட்டு 27,000 மிச்சம்னு குஷியா இருந்தேன். மூணு வருஷம் கழிச்சு வீட்டு லோனுக்குப் போனப்ப மேனேஜர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாரு பாருங்க, அப்ப தான் அந்த மிச்சம் எவ்ளோ பெரிய செலவுன்னு புரிஞ்சுது.

ஸ்கோரை மட்டும் பாக்காதீங்க. ஒவ்வொரு கணக்குக்கும் கீழ டிபிடின்னு, அதாவது எத்தனை நாள் லேட்டுன்னு காட்டுற மாசவாரி கட்டம் இருக்கும், 36 மாசத்துக்கு. 000ன்னா சுத்தம், 030ன்னா 30 நாள் லேட், 90ஐத் தாண்டினா வாராக்கடன். எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ன்னு இருந்தா பேங்க் அந்த மாசம் தகவல் அனுப்பல, அவ்ளோ தான் (இது தெரியாம நான் ஒரு ராத்திரி தூங்கல). ஸ்டேட்டஸ்ல ரிட்டன் ஆஃப்னு (written off) இருந்தா தள்ளுபடின்னு நினைச்சுக்காதீங்க, அவங்க புக்ல ஒதுக்கி வச்சிருக்காங்க, கடன் அப்படியே தான் நிக்குது.

அழிச்சுத் தரேன் 5,000 குடுன்னு கேக்குறவன் கிட்ட ஏமாறாதீங்க, உண்மையான பதிவை யாராலயும் எடுக்க முடியாது. கார்டு குடுத்த பேங்க்குக்கே மெயில் போட்டு மீதியைக் கட்டுங்க, பாக்கி எதுவும் இல்லன்னு நோ டியூஸ் லெட்டர் வாங்குங்க, ஸ்டேட்டஸை க்ளோஸ்டுன்னு மாத்தச் சொல்லி எழுத்துல கேளுங்க. பழைய லேட் எல்லாம் அப்படியே தான் இருக்கும், அதுக்கு காலம் தான் மருந்து.

தப்பான பதிவா இருந்தா ஆன்லைன்ல டிஸ்ப்யூட் (இது தப்பு, திருத்துங்கன்னு புகார்) போடலாம், ஃப்ரீ தான். 30 நாள்ல முடிக்கலன்னா நாளுக்கு 100 ரூபா நமக்குத் தரணும்னு ஆர்பிஐ ரூல், 2024 ஏப்ரல்ல இருந்து இருக்கு. அப்புறம் சிபில் மட்டும் இல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு இந்த ரிப்போர்ட் தர்றது மொத்தம் நாலு கம்பெனி, நாலுலயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். நாலையும் எடுத்துப் பாருங்க, எனக்கு ஒண்ணுல மாறிட்டு இன்னொண்ணுல பழசாவே கிடந்துச்சு, அங்கயும் தனியா டிஸ்ப்யூட் போட்டு தான் மாத்தினேன்.