தாய்ப்பால் கொடுப்பது இயல்பாக வருவதுதானே, அதற்குச் செவிலியருக்குப் பயிற்சி எதற்கு?

தங்கள் மனைவி கிராம சுகாதார செவிலியர் என்றும், தாய்ப்பால் ஊட்ட உதவும் பயிற்சிக்கு அவரை அடுத்த மாதம் அனுப்பப் போகிறார்கள் என்றும், ஆடு மாடுகூட யாரும் சொல்லித் தராமலே குட்டிக்குப் பால் கொடுக்கும்போது மனிதர்களுக்கு மட்டும் நாள்கணக்கில் வகுப்பு எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் 19 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். முதல் சில ஆண்டுகள் இந்தப் பயிற்சி இல்லாமலும் பிறகு பயிற்சி பெற்றும் இதே வேலையைச் செய்தவள் என்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை என் அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும்.

முதலில் ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்குநேரிப் பக்கம் கிடை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தலையீற்று ஆடு சில சமயம் குட்டியை அண்டவிடாமல் உதைக்கும். கிடைக்காரர் அதன் காலைப் பிடித்துக்கொண்டு குட்டியை ஊட்டவிடுவார். இரண்டு நாளில் ஆடு பழகிவிடும். ஆக, ஆட்டுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

சப்புவது பிள்ளைக்குப் பிறவியிலேயே வருவது என்பது உண்மைதான். ஆனால் பிள்ளையை எப்படி ஏந்துவது, எப்போது மார்பில் சேர்ப்பது என்பதெல்லாம் தாய்க்குப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். அக்காளும் மதினியும் சித்தியும் திண்ணையில் உட்கார்ந்து பால் கொடுப்பதைப் பார்த்தே வளர்ந்த பெண்ணுக்கு, தன் முறை வரும்போது கை தானாகப் போகும். இன்று முதல் பிரசவத்துக்கு வருகிற பெண்களில் பலர் ஒரு பிள்ளை பால் குடிப்பதை அருகிலிருந்து பார்த்ததே இல்லை. பிரசவமும் வீட்டை விட்டு முழுக்க வெளியேறிவிட்டது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இந்தியா முழுவதும் என்று எடுத்தால் அது 88.6 சதவீதம்; ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற பிள்ளைகள் 41.8 சதவீதம்தான். மருத்துவமனைக்குள்தான் பிள்ளை பிறக்கிறது, அந்த முதல் ஒரு மணி நேரமும் அங்கேதான் கழிகிறது, ஆனாலும் பாதிப் பிள்ளைகளுக்குக்கூட அந்த நேரத்தில் பால் கிடைக்கவில்லை என்றால், அந்த அறையில் நிற்கிற எங்களுக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்று பொருள்.

எனக்குத் தெரியாதது என்னவென்று சொல்கிறேன். நான் முதலில் வேலை பார்த்தது ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்ற இருபது வயதுப் பெண் ஒருத்தி, இரண்டாம் நாள். பிள்ளை மார்பைப் பிடிக்கவில்லை. எனக்கு வேறு நான்கு படுக்கைகளில் வேலை கிடந்தது. நான் செய்தது, அன்று எல்லோரும் செய்துகொண்டிருந்ததுதான்: ஒரு கையால் அவள் மார்பைப் பிடித்து, மறு கையால் பிள்ளையின் பின்னந்தலையைப் பிடித்து, இரண்டையும் ஒன்றாக அழுத்தினேன். பிள்ளை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வீரிட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் அப்படியே. அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தாள். சாயங்காலம் பவுடர் பால் டப்பா வந்துவிட்டது. "உனக்குப் பால் இல்லை, அதான் பிள்ளை பிடிக்க மாட்டேங்குது" என்று அவளுடைய மாமியார் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை, ஏனென்றால் நானும் அப்படித்தான் நம்பினேன்.

பின்னந்தலையை அழுத்தினால் பச்சிளம் பிள்ளை தலையைப் பின்னுக்குத் தள்ளும் என்பதும், அது அதன் இயல்பான எதிர்வினையே தவிர பாலை வேண்டாமென்று மறுப்பதல்ல என்பதும், சில ஆண்டுகள் கழித்துப் பயிற்சிக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. தாங்க வேண்டியது தலையை அல்ல, தோளையும் கழுத்தடியையும். இரண்டாம் நாளில் பால் 'இல்லாமல்' இருப்பதும் குறையே அல்ல. முதல் நாளில் பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் கொள்ளும். அதற்கேற்பச் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மார்பு நிறைந்து கனப்பது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் நடக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அது சற்றுத் தாமதமாகலாம். அந்த இடைவெளியில் தாயின் மனத்தை ஆள்வது பாலா, பால் டப்பாவா என்பது பக்கத்தில் நிற்கிறவள் என்ன சொல்கிறாள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

பயிற்சியில் எங்களுக்கு முதலில் கொடுத்தது ஒரு துணிப் பொம்மையும், பஞ்சு அடைத்த ஒரு காலுறையும். காலுறையின் குதிகால் பகுதியை இழுத்து நூல் கட்டிக் காம்பு போலச் செய்திருந்தார்கள். நாற்பது வயது தாண்டிய செவிலியர்கள் அதை மார்பில் வைத்துக்கொண்டு பொம்மைக்குப் பால் கொடுக்கப் பழகியபோது வகுப்பே சிரித்தது. பயிற்றுநர் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, "இனி உங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், தாய்க்கு வாயாலும் இந்தக் காலுறையாலும் மட்டும் சொல்லிக் கொடுங்கள்" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. தொடாமல் சொல்லிக் கொடுப்பது அவ்வளவு கடினம். இத்தனை காலமும் நாங்கள் செய்துவந்தது சொல்லிக் கொடுப்பதல்ல, தாய்க்குப் பதிலாக நாங்களே பால் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போது புரிந்தது. நாங்கள் அடுத்த படுக்கைக்குப் போனதும் அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போவதில் வியப்பென்ன இருக்கிறது?

அதன் பிறகு வார்டுக்குப் போய், ஒரு தாய் பால் கொடுப்பதை ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் பார்க்கச் சொன்னார்கள். பிள்ளையின் தலையும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா, வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கிறதா, முகம் மார்பைப் பார்த்திருக்கிறதா, உடல் முழுவதற்கும் தாங்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, முகவாய் மார்பைத் தொட்டு, காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே மறைந்து மேலே தெரிந்தால் பிடிப்பு சரி. கன்னம் குழிந்து 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் பிள்ளை காம்பை மட்டும் சப்புகிறது என்று பொருள். புண் வருவதும் பால் கட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அதிலிருந்துதான். ஒரு பால் கொடுப்பை முழுவதுமாகப் பார்ப்பதற்கு இருபது நிமிடமோ அரை மணி நேரமோ ஆகும். அத்தனை ஆண்டு வேலையில் அதற்கு முன் ஒரு தடவைகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது பேச்சைப் பற்றிய பாடம். நம் ஊரில் பிள்ளை பார்க்கப் போகிற எவரும் முதலில் கேட்கும் கேள்வி, "பால் பத்துதா?" என்பதுதான். செவிலியரும் அதையேதான் கேட்போம். பயிற்சியில் என்னைத் தாயாக நடிக்கச் சொல்லி, உடன் வந்த செவிலியர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நடிப்புதான் என்று தெரிந்திருந்தும் என் வாயில் வந்த பதில், "பத்தல போலத்தான் தெரியுது." மார்பில் அளவுக்கோடு போட்டிருக்கவில்லை, எந்தத் தாய்க்கும் எவ்வளவு போனது என்று தெரியாது, கேட்பவள் ஐயத்தோடு கேட்டால் அவளும் ஐயத்தோடுதான் சொல்வாள். "பிள்ளை நல்லாக் குடிக்கிறானா?", "ஒழுங்காத் தூங்குறானா?" என்பவையும் அப்படியே, 'நல்லா', 'ஒழுங்கா' என்ற சொற்களிலேயே தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. அதற்குப் பதிலாக, "நேத்து ராத்திரி எப்படிப் போச்சு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். "ராத்திரி பூரா அழுதுக்கிட்டே கெடந்தான்" என்று அவள் சொன்னால், உடனே எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று விசாரிக்காமல், "அப்ப உங்களுக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல" என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இது நாடகம் போலத் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகுதான் உண்மையான காரணம் வெளியே வரும். பல சமயம் அது பாலே அல்ல, கணவன் ஊருக்குப் போனதோ அம்மா வீட்டில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையோதான். பயமும் வலியும் இருக்கும்போது பாலை இறங்கச் செய்கிற ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோன் தடைப்படும் என்பதால், இந்தப் பேச்சும் மருத்துவத்தில்தான் சேர்கிறது. பால் போதுமா என்பதை எங்களுக்குச் சொல்வது சிறுநீர்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது போக வேண்டும். முதல் சில நாளில் எடை சற்றுக் குறைவது இயல்பு; இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

இனி வீட்டிலிருக்கும் ஆச்சிமார், அதாவது பாட்டிமார் விஷயம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் கருப்பட்டித் தண்ணீரையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் தொட்டு வைக்கிற சேனை வழக்கம் இன்னும் இருக்கிறது. உரைமருந்தும் உண்டு. பயிற்சிக்கு முன்னால் நான் ஆச்சிகளோடு சண்டை போடுவேன். அவர்கள் எனக்கு முன்னால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நான் தெருமுனையைத் தாண்டியதும் பிள்ளைக்கு ஊட்டும் சங்கை எடுப்பார்கள். இப்போது, "ஆச்சி, பிள்ளைக்கு முதல்ல நாக்குல படுறது சீம்பாலா இருக்கட்டும், அதை நீங்களே தொட்டு வைங்க" என்று சொல்கிறேன். கிண்ணத்தில் கையால் பீய்ச்சிய சீம்பாலை ஆச்சியின் விரல் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாலும் சேனை சேனைதான். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கத்திரி வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு, பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான் என்பதைச் சொல்வேன். ஆறு மாதம்வரை வேறு தண்ணீர் தேவையில்லை.

முக்கூடல் பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு நாற்பது நாள். அம்மா மறுபடி பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டாள். மடியில் இலையும் தூளும் வைத்த சுளகு. பிள்ளை அழுததும் சுளகை இறக்காமலே இடது கையால் தூக்கி ஓரமாக மார்பில் சேர்த்தாள். பிள்ளையின் கழுத்து திருகியிருந்தது, இரண்டு காம்பிலும் வெடிப்பு. பீடி சுற்றாதே என்று சொல்ல எனக்கு ஒரு நொடி கூட ஆகாது. பீடிக்கடையில் கணக்கை ஒப்படைக்காவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் எனக்குத் தெரியும். ஒன்றிரண்டு யோசனைக்கு மேல் சொல்லாதே, அதையும் கட்டளையாகச் சொல்லாதே என்பது பயிற்சியில் கற்ற விதி. "சுளகை நான் இறக்கி வைக்கட்டுமா? கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து, இந்தப் பாயில ஒருக்களிச்சுப் படுத்துக் குடுத்துப் பாருங்க" என்றேன். படுத்தாள். பிள்ளை நேராக அவள் பக்கம் திரும்பியது. பாதியில் அவளுக்குக் கண் செருகியது. அடுத்த வாரம் போனபோது சுளகு ஆணியில் தொங்க, அவளும் பிள்ளையும் பாயில் இருந்தார்கள். தூள் படாமல் இருக்கப் பீடி சுற்றும்போது மேலே போட்டுக்கொள்ளத் தனிச் சட்டை ஒன்றையும் அவளே எடுத்து வைத்திருந்தாள், அதை நான் சொல்லவே இல்லை.

பயிற்சி நாள்கணக்கில் எதற்கு என்று கேட்டீர்கள். உலக சுகாதார அமைப்பும் யூனிசெஃபும் தாய்ப்பால் ஊட்டலுக்காக மருத்துவமனைகள் பின்பற்ற வேண்டுமென்று 1989இல் வெளியிட்ட பத்துப் படிகளில் இரண்டாவது படியே பணியாளர் பயிற்சிதான். அதற்கெனப் பின்னர் வகுத்த பாடத்திட்டம் 20 மணி நேரமாக இருந்தது, அதில் குறைந்தது 3 மணி நேரம் தாய்மார்களோடு நேரடிப் பழக்கம். 2018இல் பத்துப் படிகளைத் திருத்தியபோது, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பதைவிட என்ன செய்யத் தெரிகிறது என்பதற்கு அழுத்தம் கொடுத்தார்கள். என் பார்வையில் அதுதான் சரி. சில இடங்களில் திரையில் படம் காட்டி, மதியம் சாப்பாடு போட்டு, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். காலுறையும் இல்லை, வார்டும் இல்லை. அப்படிப்பட்ட வகுப்புக்குத்தான் போகிறார் என்றால், நாள்கணக்கில் எதற்கு என்ற தங்கள் கேள்வி நியாயமானதே. இன்னொன்று: பால் பவுடர் நிறுவனங்கள் செவிலியர் பயிற்சிக்கும் கருத்தரங்குக்கும் பணம் கொடுப்பதை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகள் பற்றிய இந்தியாவின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அவர்கள் பெயர் போட்ட பேனாவோ பையோ அங்கே கண்ணில் பட்டால், தங்கள் மனைவி வாயைத் திறந்து கேட்கலாம்.

போவதற்கு முன்னால் இந்த ஒரு மாதத்தில் அவர் ஒன்று செய்து பார்க்கட்டும். ஒரு தாயின் அனுமதி பெற்று, ஒரு தடவை பால் கொடுத்து முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். எந்தக் கேள்வியோடு எழுந்திருக்கிறாரோ அதை எழுதிக்கொண்டு போய்ப் பயிற்றுநரிடம் கேட்கட்டும். பழைய காலுறை ஒன்றும் கொஞ்சம் பஞ்சும் பையில் இருக்கட்டும். எங்கள் வகுப்பில் இருபது பேருக்கு மூன்றுதான் இருந்தன.